ஐடியா, தாட், கான்செப்ட், நோஷன்: ஆங்கில வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்தில் மாலை நேர ஆங்கில வகுப்பு நடத்துகிறேன். கல்லூரிப் பிள்ளைகள், வங்கித் தேர்வுக்குப் படிப்பவர்கள், கடை வைத்திருப்பவர்கள், பாபநாசம் பக்கமிருந்து பஸ் பிடித்து வருபவர்கள் என்று எல்லோரும் உண்டு. மனசில் தோன்றுவதைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களில்தான் எல்லோருக்கும் சந்தேகம் வருகிறது. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

மேடம், ஐடியா, தாட், கான்செப்ட், நோஷன், ஒப்பீனியன் எதைத் தேடினாலும் அகராதியில் "கருத்து" என்று வருகிறது. அப்புறம் எதற்கு ஐந்து சொல்?

அகராதியைக் குறை சொல்ல முடியாது. தமிழில் "கருத்து" நிறைய வேலை பார்க்கும் சொல். செய்யுளின் கருத்து என்றால் பொருள். கூட்டத்தில் கருத்துச் சொன்னால் அபிப்பிராயம். "கருத்தாப் படி" என்று அம்மா சொன்னால் கவனம். இத்தனையையும் ஒரே சொல்லில் அடக்கிப் பழகிய நாம், ஆங்கிலத்தில் ஐந்தும் ஒன்றுதான் என்று எடுத்துக்கொள்கிறோம்.

அதனால் தமிழ் அர்த்தத்தைப் பிடித்துக்கொண்டு போகாதீர்கள். அந்தச் சொல்லோடு எந்த வினை வருகிறது என்று பாருங்கள். ஐடியா "வரும்", அதற்கு கெட் அல்லது ஹேவ். தாட் "செலுத்தப்படும்", கிவ் இட் சம் தாட் என்பார்கள். கான்செப்ட் "பிடிபடும்", அதற்கு கிராஸ்ப் அல்லது அண்டர்ஸ்டாண்ட். ஒப்பீனியனை ஒருவர் "வைத்திருப்பார்", அதற்கு ஹோல்ட். இம்ப்ரெஷன் நம்மீது "விழும்". யாரும் கிராஸ்ப் ஆன் ஒப்பீனியன் என்று சொல்ல மாட்டார்கள். கருத்துகளைப் பற்றிய இந்தச் சொற்கள் எல்லாமே, அந்த எண்ணத்தை மனசு என்ன செய்கிறது என்பதில்தான் பிரிகின்றன. கீழே வரும் பதில்கள் எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை.

ஐடியாவுக்கும் தாட்டுக்கும் என்ன வித்தியாசம்?

மேட்டூர் அணையைத் திறந்துவிட்டார்கள், ஆனால் கடைமடைக்கு இன்னும் தண்ணீர் வந்து சேரவில்லை. ஒருவர் மதகடியில் உட்கார்ந்து நாற்றங்காலைப் பற்றியும், கடனைப் பற்றியும், போன வருஷத்தைப் பற்றியும் நினைத்துக்கொண்டிருக்கிறார். அது தாட். நடுவில், பக்கத்து வயல்காரரோடு சேர்ந்து ஆயில் எஞ்சின் வாடகைக்கு எடுத்தால் நாற்றங்காலையாவது காப்பாற்றலாமே என்று தோன்றுகிறது. அது ஐடியா. தாட் ஓடிக்கொண்டே இருக்கும், எங்கும் போய்ச் சேராமலும் இருக்கலாம். ஐடியா என்றால் கையில் எடுத்து அடுத்தவருக்குக் கொடுக்கக்கூடிய ஒன்று கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.

அலுவலகத்தில் இந்த வித்தியாசம் முக்கியம். மேலதிகாரி ஒரு அறிக்கையை அனுப்பி, உங்கள் "தாட்ஸ்" என்ன என்று கேட்டால், படித்துப் பார்த்து உங்களுக்குப் பட்டதைச் சொன்னால் போதும். "ஐடியாஸ்" கேட்டால் அந்த அறிக்கையில் இல்லாத புதிதாக ஏதாவது கொண்டு போக வேண்டும். முதல் கேள்விக்கு இரண்டாவது பதிலைச் சொன்னால், கேட்காமலேயே திருத்துகிறார் என்று நினைப்பார்கள். இரண்டாவதற்கு முதல் பதிலைச் சொன்னால், வெறும் கையோடு வந்திருக்கிறார் என்று நினைப்பார்கள்.

இன்னொன்று. தாட் எண்ண முடியாததாகவும் வரும்: எ லாட் ஆஃப் தாட் என்றால் நிறைய யோசனை செலவழித்தார்கள் என்று பொருள். எ லாட் ஆஃப் ஐடியா என்று சொல்ல முடியாது, ஐடியாஸ் என்று பன்மையில்தான் வர வேண்டும். ஒரு முடிவைப் பற்றித் தயக்கம் வந்தால் செகண்ட் தாட்ஸ். எல்லாம் முடிந்த பிறகு கடைசியில் ஒட்டவைத்தது போலச் சேர்த்தது ஆஃப்டர்தாட்.

"திங்க் ஆஃப்", "திங்க் அபௌட்" இரண்டும் ஒன்றா?

சில இடங்களில் ஒன்று. பசுவை விற்பது பற்றிச் சொல்லும்போது மட்டும் கவனம். "ஐ ஆம் திங்கிங் ஆஃப் செல்லிங் தி கௌ" என்றால் விற்கலாம் என்று இருக்கிறேன், விலை பேச வருபவர் வரலாம். "திங்கிங் அபௌட்" என்றால் விற்பதா வேண்டாமா என்று இன்னும் மனசில் போட்டுப் பார்க்கிறேன்.

டீச்சரம்மா, "குறுவை போடுற ஐடியா இல்லை" என்பதை ஆங்கிலத்தில் அப்படியே சொன்னால் என் மகன் தப்பு என்கிறான். ஏன்?

மகன் சொல்வது சரி. நம் பேச்சில் ஐடியா தமிழ்ச் சொல்லாகவே ஆகிவிட்டது. "ஊருக்குப் போற ஐடியா இருக்கா?" என்றால் உத்தேசம் இருக்கிறதா என்று கேட்கிறோம். "அவருக்கு விற்கிற ஐடியாவே இல்லை" என்றால் மனமே இல்லை என்று அர்த்தம். டெல்டாவில் மட்டுமல்ல, தமிழ்நாடு முழுக்க இப்படித்தான் பேசுகிறோம். தமிழில் அதில் தப்பே இல்லை.

ஆங்கிலத்தில் "ஐ ஹேவ் நோ ஐடியா" என்றால் எனக்குத் தெரியாது என்று பொருள். "ஐ ஹேவ் நோ ஐடியா அபௌட் குறுவை" என்று நீங்கள் சொன்னால், முப்பது வருஷமாக நடவு பார்த்தவர் குறுவை என்றால் என்னவென்றே தெரியாது என்று சொன்னதாக ஆகிவிடும். நீங்கள் சொல்ல வந்தது உத்தேசத்தை. அதற்கு ஐ ஆம் நாட் பிளானிங் டு என்று தொடங்க வேண்டும். இன்டென்ஷன் என்றும் சொல்லலாம், ஆனால் பேச்சுக்கு அது கொஞ்சம் விறைப்பு.

"டோன்ட் கெட் எனி ஐடியாஸ்" என்று யாராவது சொன்னால் அது எச்சரிக்கை. ஏடாகூடமாக எதுவும் நினைத்துவிடாதே என்று அர்த்தம். யோசனை சொல்ல வேண்டாம் என்று புரிந்துகொள்ளக் கூடாது.

எல்லா இடத்திலும் கான்செப்ட் என்கிறார்களே. ஐடியா என்றால் போதாதா?

பல இடங்களில் போதும். கான்செப்ட் என்று சொன்னால் கனமாகக் கேட்கிறது என்பதற்காகவே நிறையப் பேர் அதைப் போடுகிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. புதுக் கடைக்குப் பெயர் வைப்பது ஐடியாதான்.

கான்செப்ட் எப்போது வேண்டும் என்பதற்கு நம் ஆற்றையே எடுத்துக்கொள்ளலாம். கரிகாலன் கட்டியதாகச் சொல்லப்படும் கல்லணை, அடியில் பாறை கிடைக்காத மணல் ஆற்றில் நிற்கிறது. பெரிய பெரிய கற்களைப் போட்டு, அவை மணலில் இறங்கி இறங்கி ஓரிடத்தில் நின்றதும் அதன்மேல் அணையை எழுப்பியிருக்கிறார்கள். "இந்த இடத்தில் கல்லைப் போட்டுத் தண்ணீரைத் திருப்பலாம்" என்று அன்றைக்கு யாருக்கோ தோன்றியது ஐடியா. ஓரிடம், ஒரு தேவை, ஒரு வழி.

1830-களில் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் இங்கே வேலை பார்த்தபோது சிக்கல் வேறாக இருந்தது. கொள்ளிடம் தாழ்வாக இருந்ததால் தண்ணீர் அதில் போய்விட, காவிரி மணல் மேடிட்டு வந்தது. முக்கொம்பில் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணை கட்டினார்கள். ஆழம் தெரியாத மணலில் அஸ்திவாரம் நிற்குமா என்ற பயத்துக்குக் கல்லணைதான் விடை கொடுத்தது. அதைக் கட்டியவர்களிடமிருந்தே கற்றதாகக் காட்டனே சொல்லியிருக்கிறார். பிறகு 1847-இல் தொடங்கி 1852-இல் முடித்த கோதாவரி தௌலேஸ்வரம் அணையிலும் அந்த அறிவு உதவியது. மணலில் அஸ்திவாரம் போடுவதன் அடிப்படை, கல்லணையை விட்டுத் தனியாகப் பிரிந்து, எந்த ஆற்றுக்கும் பொருந்தும் பொதுப் புரிதலாக ஆனதே கான்செப்ட். ஐடியா ஓர் இடத்தில் வேலை செய்தால் போதும். கான்செப்ட் இடம் மாறினாலும் நிற்க வேண்டும்.

அதனால்தான் பள்ளியில் பின்னம், ஈர்ப்பு விசை, ஜனநாயகம் எல்லாம் கான்செப்ட்ஸ். ஒரு கணக்கைப் போடத் தெரிவதும் கான்செப்ட் புரிவதும் வேறு என்று கணக்கு வாத்தியார்கள் சொல்வது இதைத்தான்.

கன்செப்ஷன்?

கான்செப்ட் பொதுச் சொத்து, கன்செப்ஷன் அதை ஒருவர் தம் மனசில் வைத்திருக்கும் விதம். நீதி ஒரு கான்செப்ட். உங்கள் நீதியும் என் நீதியும் வேறு வேறு கன்செப்ஷன்ஸ். கருவுறுதலுக்கும் இதே சொல்தான். தமிழிலும் கரு கதைக்கும் உண்டு, வயிற்றுக்கும் உண்டு, ஆகவே இது நமக்குப் புதிதல்ல. தவறாகப் புரிந்துகொண்டால் மிஸ்கன்செப்ஷன். மிஸ்கான்செப்ட் என்று சொல்ல வேண்டாம்.

நோஷன் என்று சொன்னால் கேலியாக எடுத்துக்கொள்வார்களா?

எடுத்துக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது. நோஷன் அரைகுறையாக, ஆதாரம் இல்லாமல் மனசில் தங்கிப்போன எண்ணம். "அவருக்கு அப்படி ஒரு நினைப்பு" என்று நாம் இழுத்துச் சொல்வோமே, அந்தச் சாயல் அதில் உண்டு. ராத்திரியில் தயிர் சாப்பிட்டால் சளி பிடிக்கும் என்பதை டாக்டர் ஒருவர் நோஷன் என்றால், தான் அதை ஏற்கவில்லை என்று மரியாதையாகச் சொல்கிறார். அடுத்தவர் சொன்னதை அவர் எதிரிலேயே "யுவர் நோஷன்" என்று சொல்லாதீர்கள், மனசு புண்படும். தத்துவம், கணக்கு போன்ற துறைகளில் மட்டும் கேலி இல்லாமல் கான்செப்டுக்குப் பக்கத்துச் சொல்லாக வரும்.

அமெரிக்காவில் துணிக்கடையில் நோஷன்ஸ் என்று பலகை இருந்தால் நூல், ஊசி, பொத்தான், ஜிப் விற்கும் இடம். அங்கே இருக்கும் மகளைப் பார்க்கப் போன ஒரு அம்மா இதைக் கேட்டு அனுப்பியிருந்தார், அதனால் சேர்த்துவிட்டேன்.

ஒப்பீனியன், வியூ, பாயின்ட் ஆஃப் வியூ: இன்டர்வியூவில் எதைச் சொல்ல?

நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போவோம். நெல்லில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. இது ஃபேக்ட், யார் சொன்னாலும் மாறாது. குறுவை அறுவடை வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நேரத்தில் வருவதால் டெல்டாவுக்கு இந்த விதி ரொம்பக் கடுமை என்று ஒருவர் சொன்னால் அது ஒப்பீனியன். காரணம் கேட்டால் அவர் சொல்ல வேண்டும், இன்னொருவர் மறுக்கலாம்.

சாலையில் தார்ப்பாய் விரித்து நெல்லைக் காயப்போட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவரின் இடத்திலிருந்து பார்ப்பது ஒரு பாயின்ட் ஆஃப் வியூ. ஈர நெல்லை வாங்கிக் கிடங்கில் அடுக்கினால் முளைத்துவிடுமே, பூஞ்சை பிடிக்குமே என்று கணக்குப் பார்க்கும் ஊழியரின் இடம் இன்னொன்று. நிற்கும் இடத்தைச் சொல்வதுதான் பாயின்ட் ஆஃப் வியூ. அதனால் அதற்கு "ஃப்ரம்" வரும், "இன்" வராது. ஃப்ரம் தி ஃபார்மர்ஸ் பாயின்ட் ஆஃப் வியூ என்று அடுத்தவர் இடத்தில் நின்றும் பேசலாம். "இன் மை பாயின்ட் ஆஃப் வியூ" என்பது நம் பக்கத்தில் அதிகம் கேட்கும் தப்பு.

வியூ, ஒப்பீனியனைவிடக் கொஞ்சம் அகலம், யோசித்து எடுத்த நிலை. இன்டர்வியூ குழுவில் "வாட் ஆர் யுவர் வியூஸ் ஆன்" என்று தொடங்கினால் ஒற்றை வரிப் பதில் போதாது, இரண்டு பக்கத்தையும் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

"அக்கார்டிங் டு மீ" வேண்டவே வேண்டாம். அக்கார்டிங் டு அடுத்தவருக்கு, அல்லது பத்திரிகைக்கு, அறிக்கைக்கு. நம்முடையதற்கு இன் மை ஒப்பீனியன், இன் மை வியூ, அல்லது எளிதாக ஐ திங்க். ஐ திங்க் என்று சொன்னால் தாழ்வு என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். நல்ல ஆங்கிலம் பேசுபவர்கள் அதைத்தான் அதிகம் சொல்கிறார்கள்.

ஒப்பீனியனுக்கு இன்னொரு முகம் இருக்கிறது. டாக்டர் தருவது மெடிக்கல் ஒப்பீனியன், வக்கீல் தருவது லீகல் ஒப்பீனியன். இவை படித்தறிந்தவரின் தீர்மானம். 1872-ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு, கையெழுத்து, விரல் ரேகை போன்றவற்றில் நிபுணரின் ஒப்பீனியனை நீதிமன்றம் கணக்கில் எடுக்கலாம் என்றது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் அதே சொல் தொடர்கிறது. சாதாரணச் சாட்சி தான் கண்டதைச் சொல்ல வேண்டும், நிபுணர் தன் ஒப்பீனியனைச் சொல்லலாம்.

இம்ப்ரெஷன்?

யோசிக்காமலேயே நம்மீது பதிந்துவிடுவது. ஒரு சூட்சுமம் மட்டும்: "ஐ வாஸ் அண்டர் தி இம்ப்ரெஷன் தட்" என்று ஒருவர் தொடங்கினால், தான் நினைத்திருந்தது சரியில்லை போலிருக்கிறது என்று சொல்லவருகிறார். மேலதிகாரி இப்படித் தொடங்கினால் காது கொடுத்துக் கேளுங்கள்.

மிஸ், அரசியலமைப்பு முகப்புரையில் தாட், பிலீஃப், ஃபெய்த் மூன்றும் தனித்தனியாக இருக்கின்றனவே, ஏன்?

பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டது. இந்தப் பக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். முகப்புரையின் ஆங்கில வாசகம் தாட், எக்ஸ்பிரஷன், பிலீஃப், ஃபெய்த், வர்ஷிப் ஆகிய ஐந்துக்கும் சுதந்திரம் என்கிறது. நான் அதை உள்ளிருந்து வெளியே வரும் படிகளாகவும், மேலே ஏறும் படிகளாகவும் படிக்கிறேன். தாட் யாருக்கும் தெரியாமல் உள்ளே ஓடுவது, எக்ஸ்பிரஷன் அதை வெளியே சொல்வது. பிலீஃப் உண்மை என்று ஏற்றுக்கொண்டது, அது கடவுளைப் பற்றியதாக இருக்க வேண்டியதில்லை. ஃபெய்த் நிரூபணம் கேட்காமல் தன்னையே ஒப்படைப்பது. வர்ஷிப் அந்த ஒப்படைப்பைச் செயலில் காட்டுவது. கோயிலுக்குப் போகாதவருக்கும் தாட் என்ற முதல் படியிலேயே பாதுகாப்பு வந்துவிடுகிறது.

கன்விக்‌ஷன் என்பது அசைக்க முடியாத பிலீஃப். நீதிமன்றச் செய்தியில் அதே சொல் வந்தால் குற்றவாளி என்ற தீர்ப்பு.

ஹஞ்ச், கன்ஜெக்சர், ஹைப்பாதசிஸ், தியரி: இவற்றை எப்படி வரிசைப்படுத்துவது?

கும்பகோணத்தில் இருந்துகொண்டு இதற்கு ராமானுஜனை விட்டு வேறு உதாரணம் தேடக் கூடாது. சாரங்கபாணி சன்னதித் தெருவில் வளர்ந்து, டவுன் ஹைஸ்கூலில் படித்தவர். 1913-இல் கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்கு அனுப்பிய கடிதத்தில் பக்கம் பக்கமாகச் சூத்திரங்கள் இருந்தன, நிரூபணங்கள் இல்லை. அந்தச் சூத்திரங்கள் அவருக்குத் தெரிந்த விதத்தைச் சொல்லும் சொல் இன்ட்யூஷன். படிப்படியாகப் போகாமல் நேராகப் பார்ப்பது. "எனக்கென்னவோ அப்படித்தான் தோணுது" என்ற அளவில் நிற்பது ஹஞ்ச். அது எல்லோருக்கும் வரும், இன்ட்யூஷன் பழகிய கைக்கு வரும்.

1916-இல் டௌ என்ற சார்பைப் பற்றி அவர் மூன்று கூற்றுகளை எழுதினார். உண்மையாக இருக்கும் என்று நம்பிச் சொல்லி, நிரூபிக்காமல் விட்ட கூற்றுக்குக் கணிதத்தில் கன்ஜெக்சர் என்று பெயர். இரண்டை மறு வருஷமே மோர்டெல் என்ற கணித அறிஞர் நிரூபித்தார். மூன்றாவது 1974 வரை காத்திருந்தது, பெல்ஜியக் கணித அறிஞர் பியர் டெலின் அதை நிரூபித்தார். நிரூபித்த நாளிலிருந்து அது தியரம். சூத்திரத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை, 58 வருஷத்தில் அதன் நிலை மட்டும் மாறியது. ஐடியா சொற்கள் ஏன் இத்தனை இருக்கின்றன என்று கேட்பவர்களுக்கு இதைவிடத் தெளிவாக என்னால் காட்ட முடியாது.

ஹைப்பாதசிஸ், சோதித்துப் பார்க்கும்படி அமைத்த ஊகம். 14 நாள் நாற்றை ஒற்றையாக, 25 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டால் தூர் அதிகம் கட்டும் என்று சொல்லி, அரை வயலில் அப்படியும் அரை வயலில் பழைய முறையிலும் நட்டு எண்ணிப் பார்க்கலாம். பொய்யாகிப்போக வழி இருந்தால்தான் அது ஹைப்பாதசிஸ். தியரி இதற்கெல்லாம் மேலே, பல சோதனைகளில் நின்று, ஏன் என்பதையும் விளக்குவது. பேச்சில் "மை தியரி இஸ்" என்றால் வெறும் ஊகம். இதை வைத்துக்கொண்டு "பரிணாமம் வெறும் தியரிதானே" என்று வாதாடுகிறார்கள், அது சரியில்லை. விஞ்ஞானத்தில் தியரி என்பது உயர்ந்த நிலை.

என் ஐடியாவை ஒருவர் எடுத்துக்கொண்டார் என்று வழக்குப் போட முடியுமா?

காப்புரிமைச் (காப்பிரைட்) சட்டத்தின் கீழ் வெறும் ஐடியாவுக்கு முடியாது. ஆர்.ஜி. ஆனந்த் என்ற நாடகாசிரியர், தம் நாடகத்தைப் படமாக எடுத்துவிட்டார்கள் என்று தொடுத்த வழக்கில் 1978-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்றும் வழிகாட்டி: ஐடியாவுக்கும், கருப்பொருளுக்கும், கதைப் போக்குக்கும் காப்புரிமை இல்லை, அதை ஒருவர் எழுதிய விதத்துக்கு, அதாவது எக்ஸ்பிரஷனுக்குத்தான் உண்டு. ஆகவே தோன்றியதை எழுதி வையுங்கள்.

ஐடியா என்றாலே மனசில் தெரியும் படம் என்று ஒரு புத்தகத்தில் படித்தேன். உண்மையா?

ஒரு காலத்தில் அப்படித்தான். கிரேக்கத்தில் "பார்" என்ற வேரிலிருந்து வந்த சொல் அது. 1755-இல் பெரிய ஆங்கில அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், மலை, மரம், கட்டடம் போன்றவற்றுக்கு ஐடியா இருக்கலாம், ஒரு வாதத்துக்கு எப்படி ஐடியா இருக்க முடியும் என்று கோபப்பட்டதை அவருடைய வாழ்க்கையை எழுதிய பாஸ்வெல் பதிவு செய்திருக்கிறார். தத்துவ அறிஞர் டேவிட் ஹ்யூம் வேறு மாதிரிப் பிரித்தார். டிகிரி காபியின் சூடு நாக்கில் படும் அந்த நொடி இம்ப்ரெஷன், மறுநாள் பஸ்ஸில் அதை நினைத்துப் பார்ப்பது ஐடியா. இரண்டும் ஒரே காபிதான், ஐடியா மங்கல். பழைய தத்துவ நூல்களைப் படிப்பவர்கள் இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு இது தேவைப்படாது.

இதையெல்லாம் எப்படிப் பழகுவது?

பட்டியல் போட்டு மனப்பாடம் செய்ய வேண்டாம். ஆங்கிலச் செய்தித்தாளின் தலையங்கம் ஒன்றை எடுத்து, இந்தச் சொற்களில் எது வந்தாலும் அதன் முன்னால் நிற்கும் வினையோடு சேர்த்து நோட்டில் எழுதுங்கள். ஹோல்ட் எ வியூ, ரிஜெக்ட் எ நோஷன், ஃப்ளோட் அன் ஐடியா, இப்படி. பிறகு அதே வினையை வைத்து உங்கள் ஊர்க் காரியம் ஒன்றைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதுங்கள்: வாய்க்கால் தூர்வாருவது, பஸ் நேரம் மாற்றுவது, எதுவானாலும் சரி. எழுதியதை வகுப்புக்குக் கொண்டுவந்தால் பார்த்துத் தருகிறேன்.